ஊர் பேண்டும் சாக்ஸபோனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் கோயில் வளாகத்தில் பேண்டுப் பயிற்சி நடக்கும்போது, பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரும், திருவிழாக் கமிட்டியாரும், கல்யாண வீட்டாரும் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். குமரி மாவட்டத்தில் கத்தோலிக்கப் பங்குகளும் (ஊர்க் கோயில் சமூகங்கள்) பிற கிறிஸ்தவச் சபைகளும் நடத்தும் பேண்டுகளை மனத்தில் வைத்து எழுதியது இது.

ஊர் பேண்டுன்னா என்ன? கல்யாணத்துக்கு வாடகைக்குப் பிடிக்கிற பேண்டு செட்டும் இதுவும் ஒண்ணுதானே?

கருவிகளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: டிரம்பெட், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன், யூபோனியம், டிராம்போன், சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல். வேறுபாடு உடைமையில் இருக்கிறது. ஊர் பேண்டின் கருவிகள் பங்குக்கோ சபைக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ சொந்தமானவை. வாசிப்பவர் தம் பொறுப்பில் எடுத்து வைத்திருக்கிறார். வளைகுடாவுக்கு வேலை கிடைத்துப் புறப்படும்போது திரும்ப ஒப்படைக்கிறார். அதே கருவி அடுத்த பையனின் கைக்குப் போகிறது.

கருவி பொதுவில் இருப்பதால் அதைக் கற்றுக்கொடுப்பதும் பொதுக் கடமையாகிவிடுகிறது. மூத்தவர் ஒருவர் தம் இடத்துக்கு ஆள் தயார் செய்யாமல் விலகினால், அலமாரியில் ஒரு கருவி ஊமையாகக் கிடப்பதை ஊரே பார்க்கும். வாடகைக் குழுக்களில் நம்மைவிடத் திறமையாக வாசிப்பவர்கள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆள் மாறியும் பேண்டு மாறாமல் நிற்கும் ஏற்பாடு ஊர் பேண்டில்தான் இருக்கிறது.

சாக்ஸபோன் பித்தளையிலதானே செஞ்சிருக்கு? பிறகு ஏன் அதைக் குழல் வகைன்னு சொல்றீங்க?

கருவியின் வகையை அதன் உலோகம் தீர்மானிப்பதில்லை; ஒலி பிறக்கும் இடமே தீர்மானிக்கிறது. டிரம்பெட்டிலும் யூபோனியத்திலும் வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. சாக்ஸபோனில் மவுத்பீஸின் மேல் கட்டப்பட்ட ஒற்றை நாணல் சீவல், அதாவது ரீடு, அதிர்கிறது. அதனால் அது கிளாரினெட்டின் உறவுக்காரன். பெல்ஜியத்தில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் இதற்கு 1846-ல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். குழல் கருவியின் விரல் வேகமும் பித்தளைக் கருவியின் உரத்த ஒலியும் ஒன்றில் வேண்டும் என்பது அவர் நோக்கம். திறந்த வெளியில் நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

ரீடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். ரீடை முதலில் வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, தட்டையான பக்கம் மவுத்பீஸோடு பொருந்தும்படி வைத்து, அதன் நுனிக்கு அப்பால் மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை அளவு மட்டும் தெரியுமாறு சரிசெய்து, பிறகே ரீடை இறுக்கிப் பிடிக்கும் வளையமான லிகேச்சரின் திருகை முடுக்குவார்கள். அந்த மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒலி வராது, அல்லது கீச்சிடும்.

ஒரு பாட்டுல எந்தக் கருவி என்ன வேலை செய்யுது?

டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பாட்டின் மெட்டை வாசிக்கின்றன. ஆல்டோ சாக்ஸபோன் பெரும்பாலும் மெட்டோடு சேர்ந்து போகும், சரணத்தில் தனித்துப் பாடும். டெனர் சாக்ஸபோனும் யூபோனியமும் மெட்டுக்கு எதிர்மெட்டுப் பின்னுகின்றன. டிராம்போன் அடித்தளம் போடுகிறது. பேஸ் டிரம் கால்நடையைப் பிடித்து வைக்கிறது. மக்களுக்குச் சொற்கள் தெரிந்த பாட்டில் சாக்ஸபோன் முன்னே வந்தால், கூட்டம் தானாகவே வாய்திறந்து பாடத் தொடங்கிவிடும்.

இந்த மேல்நாட்டு வாத்தியம் நம்ம பக்கம் எப்படி வந்துச்சு? வெள்ளைக்காரப் பாதிரிமார் கொண்டுவந்ததா?

ஒரே வழியில் வரவில்லை. தமிழ்நாட்டில் மேல்நாட்டுப் பேண்டு முதலில் ஒலித்தது கோட்டைகளிலும் அரண்மனைகளிலும். முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கிலேயப் பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருத வரிகள் அமைத்து நோட்டுஸ்வரங்களை இயற்றினார். அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தம் அரண்மனையில் மேல்நாட்டுப் பேண்டு வைத்திருந்தார். அதே சரபோஜியோடு ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவருடைய கீர்த்தனைகளை நம் சபைகள் இன்றும் பாடுகின்றன. பேண்டும் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனையும் ஒரே காலத்தில், ஒரே அவையின் அருகில் வளர்ந்தவை என்பதை நம்மவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

குமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரின் பகுதி; பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. அரசு ஊர்வலத்தில் பேண்டு முழங்குவது இங்கே பழகிய காட்சி. நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, காவல் துறையினர் பேண்டு முழங்க அணிவகுப்பு மரியாதை செலுத்துவதை இன்றும் காணலாம்.

மிஷன் வழி இவற்றுக்குப் பிந்தியது. லண்டன் மிஷன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் ஊழியம் தொடங்கியது 1806-ல். லண்டன் மிஷன் சபைகளில் முதலில் வேர் பிடித்தது வாய்ப்பாட்டுத்தான். பித்தளைப் பேண்டை வழிபாட்டோடு பிரிக்க முடியாதபடி கட்டியது இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி). இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஃபிரை குடும்பத்தார், தந்தையும் மூன்று மகன்களும், 1878-ல் தெருப் பிரசங்கத்துக்குத் துணையாக வாசித்ததிலிருந்து அந்த மரபு தொடங்குகிறது. சேனை 1882-ல் இந்தியாவுக்கு வந்தது; நாகர்கோவில் கேதரின் பூத் மருத்துவமனையை அறியாதவர் நம் மாவட்டத்தில் இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் தேர்ப்பவனியே பேண்டை நிலைநிறுத்தியது. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் 24 முதல் டிசம்பர் 3 வரை நடக்கிறது. நிறைவு நாள்களின் தேர்ப்பவனியைப் பேண்டு இல்லாமல் நினைத்துப் பார்க்கவே நம்மால் முடியாது.

சாக்ஸபோன்ல நம்ம கர்நாடக சங்கீதம் வாசிக்க முடியுமா? கீர்த்தனையில கமகம் வராதே?

வரும். கமகம் என்பது சுரத்தை அசைத்து வளைப்பதுதானே. தட்சிண கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கர்நாடக இசையை முழுக் கச்சேரியாகவே வாசித்துக் காட்டினார். 2004-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவருக்கு முன்பே ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் இதைச் செய்திருந்தார். சாவிகள் சுரங்களைப் படிப்படியாகப் பிரிப்பது உண்மைதான்; ஆனால் உதட்டின் அழுத்தத்தையும் தொண்டையின் திறப்பையும் மாற்றிச் சுரத்தை வளைக்கலாம். டிராம்போனின் சறுக்குக் குழாய் இதற்கு இன்னும் எளிது.

பவனியில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி சுரத்தை அசைத்தால் மெட்டு கலங்கிவிடும். அதனால் எங்கள் வழக்கம், கூட்டாக வாசிக்கும்போது நேர்ச்சுரம், தனிச் சாக்ஸபோன் வாசிக்கும் இடத்தில் மட்டும் கமகம்.

பிள்ளையை எத்தனை வயசுல சேர்க்கலாம்? ஊதினா நெஞ்சு நோவு வரும்னு அவன் தாத்தா சொல்றாரு.

முன்பற்கள் விழுந்து முளைத்து உறுதிப்பட்ட பிறகு, அதாவது எட்டு ஒன்பது வயதுக்கு மேல், டிரம்பெட்டோ கிளாரினெட்டோ தொடங்கலாம். ஆல்டோ சாக்ஸபோன் கனமானது; கழுத்து வாரில் தொங்கும் அந்தப் பாரத்தைத் தாங்கவும், விரல்கள் எல்லாச் சாவிகளையும் எட்டவும் பத்து பன்னிரண்டு வயதாவது ஆக வேண்டும். அதுவரை பிள்ளைக்குத் தாளம் பழக சைடு டிரம் நல்லது. ஆரோக்கியமான பிள்ளைக்கு ஊதுவதால் நெஞ்சு கெடாது. ஆஸ்துமா போன்ற தொந்தரவு உள்ள பிள்ளையை மட்டும் மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கவும். பெண்பிள்ளைகளுக்கு எந்தத் தனி விதியும் இல்லை. எந்தக் கருவியும் வாசிக்கலாம்.

நோட்ஸ் படிக்கத் தெரிஞ்சிருக்கணுமா? சோல்ஃபா தெரிஞ்சா போதாதா?

சேரும்போது எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். சபைப் பாடகர் குழுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டோ, ரே, மி எனும் டானிக் சோல்ஃபா நன்றாகத் தெரிந்திருக்கும். சுரங்களுக்கு இடையிலான தூரத்தைக் காதில் பதிய வைப்பதற்கு அது அருமையான அடிப்படை. ஆனால் பேண்டுக்கு ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷன் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித் தாள் இருப்பதும், எத்தனை அடி ஓய்வு, எங்கே மறுபடி சேர வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரிவதும் அதில்தான் வசதி. காதால் மட்டும் கற்றவர் மெட்டை அழகாக வாசிப்பார். எதிர்மெட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டாம் வரியிலேயே மெட்டுக்குத் தாவிவிடுவார்.

பாடகர் குழு 2 கட்டையில பாடுனா, பேண்டு மாஸ்டர் ஏன் 2½-க்கு ஏத்தச் சொல்றாரு? வேணும்னே தொந்தரவு பண்றாரா?

வேண்டுமென்று செய்வதில்லை. பேண்டின் பெரும்பாலான கருவிகளில் எழுதப்பட்ட சுரம் ஒன்று, காதில் கேட்கும் சுரம் வேறொன்று. டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸபோன் ஆகியவை பி பிளாட் கருவிகள். ஆல்டோ சாக்ஸபோன் ஈ பிளாட் கருவி. கீபோர்டில் சி ஒலிக்கும் அதே சுரத்துக்கு டிரம்பெட் வாசிப்பவர் டி பிடிக்க வேண்டும், ஆல்டோ வாசிப்பவர் ஏ பிடிக்க வேண்டும்.

இப்போது 2 கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கீபோர்டில் டி. டிரம்பெட்டுக்கு அது ஈ மேஜராகிறது, நான்கு ஷார்ப், அதாவது அரைச் சுரம் ஏற்றிப் பிடிக்க வேண்டிய சுரங்கள் நான்கு. ஆல்டோவுக்கு பி மேஜராகிறது, ஐந்து ஷார்ப். அரைச் சுரம் ஏற்றி 2½-க்கு, அதாவது ஈ பிளாட்டுக்கு வந்துவிட்டால், டிரம்பெட்டுக்கு எஃப் மேஜர், ஒரே ஒரு பிளாட் (அரைச் சுரம் இறக்கிப் பிடிப்பது). ஆல்டோவுக்கு சி மேஜர், ஒன்றுமே இல்லை. பாடுபவருக்கு அரைச் சுரம்தான் கூடுகிறது. ஊதுபவர்களின் பாதித் தவறுகள் மறைந்துவிடுகின்றன. 2½, 4, 6½ ஆகிய மூன்று கட்டைகளும் பேண்டுக்கு வசதியானவை என்று பாடகர் குழுத் தலைவர் குறித்து வைத்துக்கொண்டால், திருவிழா வாரத்தில் சச்சரவு வராது.

சாயங்காலம் சுருதி சேர்த்தோம், ராத்திரி கீபோர்டோட சேரல. கருவி கெட்டுப்போச்சா?

கெடவில்லை. காற்று சூடாக இருந்தால் ஒலி வேகமாகச் செல்கிறது. ஒரு டிகிரிக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. அதனால் ஊது கருவிகளின் சுருதி வெப்பத்தில் ஏறும், குளிரில் இறங்கும்; கீபோர்டு இருந்த இடத்திலேயே நிற்கும். டிசம்பர் இரவில் ஒரு குருசடியில் (சிலுவை நிறுவிய சிறு வழிபாட்டிடம்) நீண்ட ஜெபம் முடிந்து மறுபடி ஊதும்போது பேண்டு சற்று இறங்கியிருப்பது இதனால்தான். வாசிக்காத நேரத்திலும் சத்தமின்றிக் கருவிக்குள் மூச்சை விட்டு வெதுவெதுப்பாக வைத்திருப்பதே வழி.

பழைய யூபோனியம் ஒண்ணு தானமாக் கிடைச்சுது. எப்படி இழுத்தாலும் சேரமாட்டேங்குது. இதுக்கும் வெப்பந்தான் காரணமா?

இல்லை, இது வேறு. பிரிட்டிஷ் பித்தளைப் பேண்டுகளும் இரட்சணிய சேனையும் 1960-கள் வரை உயர் சுருதியில் வாசித்தன. இன்று ஏ சுரம் நொடிக்கு 440 அதிர்வு என்றால், அன்று ஏறத்தாழ 452. அரைச் சுரத்தில் பாதிக்கு அருகிலான வித்தியாசம் அது. அந்தக் காலத்துக் கருவியின் டியூனிங் ஸ்லைடை முழுதும் வெளியே இழுத்தாலும் போதாமல் போகலாம். திறமையான பழுதுபார்ப்பவர் குழாயை நீட்டித்துத் தரக்கூடும். வேலை செய்யும் முன் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள், புதுக் கருவியின் விலையை அது நெருங்கினால் பழையதைக் காட்சிக்கு வைத்துவிடலாம்.

நடந்துக்கிட்டே எப்படி வாசிக்கிறாங்க? மூச்சு வாங்காதா?

வாங்கும், எல்லோருக்கும் ஒரே இடத்தில் வாங்கக் கூடாது என்பதே பயிற்சி. ஒரே பகுதியை வாசிக்கும் இருவரில் ஒருவர் வரியின் நடுவிலும் மற்றவர் முடிவிலும் மூச்செடுப்பதாக முன்பே பேசிக்கொள்வார்கள். கேட்பவர் காதில் ஒலி அறாது. பேஸ் டிரம்மின் முதல் அடியில் இடக்கால் விழ வேண்டும். தேர் மெதுவாக நகர்வதால் மார்ச் நடையின் வேகத்தைக் குறைத்தே வாசிக்கிறோம். மேடுபள்ளமான தெருவில் கால் இடறினால் மவுத்பீஸ் பல்லில் இடிக்கும் என்பதால், பவனி போகும் வழியை ஒருமுறை பகலில் நடந்து பார்ப்பது நல்லது.

கடற்கரை ஊர்களில் காற்று இன்னொரு சோதனை. முட்டத்திலும் குளச்சலிலும் மாலைக் காற்றில் நோட்ஸ் தாள் நிற்காது. கருவியில் மாட்டிய தாளை இரண்டு துணிக் கிளிப்பால் கவ்வி வைக்கிறார்கள். தேர் நிற்கும் இடங்களில் பித்தளை வாசிப்பவர்கள் கருவியைச் சாய்த்து ஒரு சிறு சாவியை அழுத்தித் தண்ணீர் வடிப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது பெரும்பாலும் எச்சிலன்று, மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது.

கடல் பக்கத்துல கருவி சீக்கிரம் பச்சை பிடிக்குது. என்ன செய்யலாம்?

உப்புக் காற்றும் ஈரமும் பித்தளையை அரிக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் பூட்ட வேண்டாம். வால்வுகளுக்கு வால்வ் ஆயில் மட்டும் விடவும், தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஆகாது. லாக்கர் பூசிய கருவியைக் குத்துவிளக்குத் துலக்கும் பாலிஷால் தேய்த்தால் பூச்சு போய், அரிப்பு முன்னைவிட வேகமாகும். சாக்ஸபோனின் துளைகளை மூடும் தோல் பேடுகளில் தண்ணீர் படக் கூடாது. மவுத்பீஸை வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். ரீடை ஒருவருக்கு மற்றவர் கடன் கொடுக்கவே கூடாது.

தவக்காலத்துல பேண்டு வாசிக்கக் கூடாதுங்கிறாங்க. எங்க பாதுகாவலர் சூசையப்பர். மார்ச் 19 தவக்காலத்துலதானே வருது?

கத்தோலிக்கத் திருவழிபாட்டு விதிப்படி, தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். ஆனால் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்கும், பெருவிழாக்களுக்கும், விழாக்களுக்கும் விதிவிலக்கு உண்டு. சூசையப்பர் நாள் பெருவிழா என்பதால் அன்றைய திருப்பலியில் தடையில்லை. இந்த விதி திருவழிபாட்டுக்கு உரியது. தெருப் பவனியை எவ்வளவு ஆரவாரமாக நடத்துவது என்பதைப் பங்குத்தந்தையிடமும் பங்குப்பேரவையிலும் பேசி முடிவு செய்வதே முறை.

பவனியில சிங்காரி மேளமும் வருது, பேண்டும் வருது. ரெண்டும் சேர்ந்து வாசிச்சா என்ன?

சேராது. சிங்காரி மேளத்தில் முழங்கும் செண்டையின் ஓசைக்கு முன் சாக்ஸபோன் தோற்கும். சிங்காரி மேளத்தை பவனியின் முகப்பிலும் பேண்டைத் தேரை ஒட்டியும் வைத்து, நடுவில் அன்பியங்களையும் (பங்கின் சிறு குழுக்கள்) பக்த சபைகளையும் நடக்கவிட்டால் இரண்டும் கேட்கும். மேளம் இளைஞர்களை இழுக்கிறது என்பதற்காகப் பேண்டை அடியோடு நிறுத்திவிட்ட ஊர்கள் உண்டு. அது பிழை என்பது என் கருத்து: மேளத்துக்குப் பின்னால் மக்கள் ஆடலாம், பாட முடியாது.

அடக்கத்துக்கு வாசிக்கக் காசு வாங்கலாமா?

எங்கள் வழக்கத்தில் பங்குக்கு உட்பட்டவர் வீட்டு அடக்கத்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டார் தருவது கருவிப் பராமரிப்பு நிதிக்குப் போகும். வெளியூருக்குப் போனால் வண்டிச் செலவு கேட்பதில் தவறில்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல பேண்டு வாசிச்சா போலீஸ் நிறுத்த முடியுமா? மைக் இல்லையே!

முடியும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியை மட்டுமன்றி இசைக்கருவிகளையும் திறந்த வெளியில் தடுக்கின்றன. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்வு அளிக்கலாம். அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே மேளமும் டிரம்பெட்டும் பகலிலும் குற்றம். தேர் போகும் வழியில் மருத்துவமனை இருந்தால் அந்த நீளத்துக்குப் பேண்டை நிறுத்தி, செபமாலையோடு கடக்கவும்.

கல்யாண ஊர்வலத்துல சினிமாப் பாட்டு வாசிச்சா உரிமைத்தொகை கட்டணுமா? அதை யூடியூப்ல போட்டா?

பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் இசைப்பதை மீறலாகக் கொள்வதில்லை. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. யூடியூபில் ஏற்றுவது தனிச் செயல், இந்த விலக்கு அதைக் காக்காது. உரிமையாளர் பதிவை நீக்கவோ வருமானத்தைத் தம் பக்கம் திருப்பவோ முடியும். பழைய கீர்த்தனைகளுக்கு, இயற்றியவர் இறந்து 60 ஆண்டு கடந்திருந்தால், தடையில்லை.

எங்க ஊர்ல பேண்டு நின்னுபோயிட்டு. மறுபடி தொடங்கணும்னா முதல்ல என்ன வாங்கணும்?

முதலில் எதுவும் வாங்க வேண்டாம். கோயில் மேடையறையிலும் பழைய வாசிப்பாளர்களின் வீட்டு மச்சிலும் கிடக்கும் கருவிகளைத் திரட்டி, எது தேறும் எது தேறாது என்று பழுதுபார்ப்பவரிடம் காட்டவும். உயர் சுருதிக் கருவிகளைப் பற்றி மேலே சொன்னதை அப்போது நினைவில் வைக்கவும். பிறகு வாரம் இருமுறை தவறாமல் வரக்கூடிய ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்யவும். ஆசிரியர் அமையாமல் கருவி வாங்கிய ஊர்களில் அவை ஒரு திருவிழாவோடு பெட்டிக்குள் போயின.

வாங்கும் கட்டத்தில், இந்தியப் பேண்டுக் கருவிகளின் பெரும் உற்பத்தி உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில், ஜாலி கோத்திப் பகுதியில் நடக்கிறது. நாதிர் அலி நிறுவனம் அங்கே 1885 முதல் இயங்குகிறது. டிரம்களும் யூபோனியமும் அங்கிருந்து வாங்குவது சிக்கனம். சாக்ஸபோனை மட்டும் நேரில் ஊதிப் பார்க்காமல் எங்கிருந்தும் வாங்காதீர்கள்: எல்லாச் சாவிகளையும் மூடிக் கீழ்ச்சுரத்தை மென்மையாக ஊதும்போது அது நடுங்காமல் வந்தால் பேடுகள் சரியாக மூடுகின்றன என்று பொருள். ஆசிரியரையும் உடன் அழைத்துப் போய், கருவி எண்ணைப் பங்கின் சொத்துப் பதிவேட்டில் அன்றே எழுதிவிடவும்.